புள்ளிமானும் மானாவாரி நிலமும்: சட்டத்தில் இருக்கும் வழி நடைமுறைக்கு வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடலூர் மாவட்டம் வேப்பூர், விருத்தாசலம் பகுதிகளிலிருந்து கோடைதோறும் ஒரே மாதிரியான மூன்று செய்திகள் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்துக்கு வருகின்றன. தண்ணீர் தேடி வந்த புள்ளிமானை நாய்கள் கடித்துக் கொன்றன என்பது ஒன்று. கிணற்றில் விழுந்த மானைத் தீயணைப்புத் துறையினர் மீட்டார்கள் என்பது இன்னொன்று. சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதி மான் இறந்தது என்பது மூன்றாவது. படிக்கிறவர்கள் மனம் இரங்குகிறது. அந்த இரக்கத்தில் நானும் பங்குடையவன். ஆனால் இதே மான்கள் புரட்டாசிக்கும் தை மாதத்துக்கும் இடையில் காப்புக்காட்டை ஒட்டிய நிலங்களில் என்ன செய்கின்றன, அதைத் தடுக்க விவசாயிக்குச் சட்டம் எதை அனுமதிக்கிறது, எதை மறுக்கிறது, அனுமதிக்கும் ஒன்றைக்கூட அவன் ஏன் பெற முடியவில்லை என்பதெல்லாம் செய்தியாவதில்லை. அதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். இடம் இருந்தால் முழுமையாக வெளியிட வேண்டுகிறேன்.

வேப்பூர் வட்டத்தில் காப்புக்காட்டின் எல்லையை ஒட்டிய மானாவாரி நிலத்தில் மக்காச்சோளமும் உளுந்தும் பயிரிடுகிறவன் நான். நல்லூர், மங்களூர் ஒன்றியங்களில் என்னைப் போன்றோர் ஏராளம். எங்களுக்கு ஆற்றுப் பாசனம் இல்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கிறோம். 2018-இல் படைப்புழு வந்த பிறகு மக்காச்சோளத்துக்கு மருந்துச் செலவு கூடிவிட்டது. அந்தச் செலவையும் செய்து, பயிர் முழங்கால் உயரம் வந்து, குருத்து விரியும் நேரத்தில்தான் மான் கூட்டம் உள்ளே இறங்குகிறது. மான் ஒரு செடியை முழுதாகத் தின்பதில்லை. குருத்தை மட்டும் கடித்துவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடும். குருத்து போன சோளத்தட்டை பிறகு கதிர் வாங்காது. மாட்டுக்குத் தீவனமாக அறுத்துப் போடலாம், அவ்வளவுதான். உளுந்திலும் காராமணியிலும் நுனிக்கொழுந்தும் பூவும் போய்விடும். மறுநாள் காலையில் தொலைவிலிருந்து பார்த்தால் வயல் பச்சையாகவே தெரியும். ஆய்வுக்கு வரும் அலுவலர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, பயிர் நிற்கிறதே என்று கேட்பதற்குக் காரணம் இதுதான்.

காட்டுப்பன்றியின் சேதம் வேறு வகையானது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் அரசு காட்டும் வழி இன்று வேறுவேறாக இருக்கிறது. பன்றி மண்ணைக் கிளறும், மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையைத் தோண்டும், சோளத்தட்டையைச் சாய்த்துக் கதிரைத் தின்னும். மான் மண்ணைத் தொடாது. அதற்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது என்பதால் இலையைக் கத்தரித்தாற்போல் வெட்டாமல் பிய்த்து இழுக்கும். கடித்த இடம் நார்நாராகக் கிழிந்திருக்கும். முயல் கடித்த தண்டு கத்தியால் சாய்வாகச் சீவியது போல் இருக்கும். குளம்படியிலும் வேறுபாடு உண்டு: மானின் தடம் குறுகி முன்பக்கம் கூர்மையாக இருக்கும், ஈரமண்ணில் பன்றியின் தடத்துக்குப் பின்னால் இரண்டு சிறுகுளம்புகளின் பதிவும் விழும். இவற்றைக் காட்டினால் எந்த வனக்காப்பாளரும் எது வந்து போயிற்று என்பதை ஒப்புக்கொள்வார். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் இதையெல்லாம் குறிக்க இடம் இல்லாததால், எங்கள் பகுதியில் எல்லாச் சேதமும் பேச்சுவழக்கில் பன்றிக் கணக்கில் போய்ச் சேர்கிறது. மானால் ஏற்பட்ட இழப்பு எவ்வளவு என்ற கணக்கே எங்கும் உருவாவதில்லை.

இனி சட்டத்துக்கு வருகிறேன். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 புள்ளிமானை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. விலங்குகளைப் பாதுகாப்பின் அளவுப்படி பிரிக்கும் அட்டவணைகளில் முன்பு மூன்றாவதில் இருந்த புள்ளிமான், 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வேட்டை என்றால் சுட்டுக் கொல்வது மட்டுமே என்று பலர் எண்ணுகிறார்கள். சட்டத்தில் அதன் பொருள் மிக விரிவானது: கொல்வது, நஞ்சு வைப்பது, பிடிப்பது, சுருக்கு வைப்பது, பொறி வைப்பது, காயப்படுத்துவது, இவற்றைச் செய்ய முயல்வது எல்லாமே அதில் அடங்கும். மீறினால் மூன்று ஆண்டு வரை சிறையும், திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க முடியும். தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொன்றால் அது குற்றமாகாது என்று பதினொன்றாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு பயிரைக் காக்கக் கொல்பவனுக்குப் பொருந்தாது. இதை எங்கள் ஊர்களில் அறியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதே பதினொன்றாம் பிரிவில், முதல் உட்பிரிவின் 'பி' பகுதியில், இன்னொரு வழி இருக்கிறது. இரண்டாம் அட்டவணையில் உள்ள ஒரு விலங்கோ விலங்குக் கூட்டமோ மனித உயிருக்கோ, எந்த நிலத்திலும் நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தாகிவிட்டது என்று மனநிறைவு ஏற்பட்டால், காரணங்களை எழுத்தில் பதிந்து, குறிப்பிட்ட பகுதியில் அந்த விலங்கை வேட்டையாட அனுமதி அளிக்கலாம் என்பதே அது. இந்த அனுமதியைச் சென்னையில் உள்ள தலைமை வன உயிரினக் காப்பாளர் மட்டும்தான் தர முடியும் என்பதில்லை. அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலரும் தரலாம். மாநில அரசின் முன் ஒப்புதலுடன் தலைமைக் காப்பாளர் தம் அதிகாரங்களைக் கீழுள்ள அலுவலர்களுக்கு எழுத்து மூலம் வழங்கலாம் என்று ஐந்தாம் பிரிவு சொல்கிறது. முதல் அட்டவணை விலங்குகளைப் பற்றிய 'ஏ' பகுதிக்கு மட்டுமே அதில் விலக்கு. அதாவது யானை, சிறுத்தை, வெளிமான் போன்றவற்றைப் பற்றிய முடிவு சென்னையில்தான் எடுக்கப்பட வேண்டும். பயிரை மேயும் புள்ளிமானைப் பற்றிய முடிவை மாவட்டத்திலேயே எடுக்க முடியும். பயிர் நிற்பது ஏறத்தாழ நூறு நாள். கோப்பு தலைநகர் போய்த் திரும்புவதற்குள் அறுவடை முடிந்துவிடும் என்பதால், முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பது எங்களுக்கு மிகப் பெரிய வேறுபாடு.

என் கோரிக்கை இந்தப் பிரிவைப் பற்றியதுதான். விவசாயிகள் கையில் துப்பாக்கியைக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் சிலர் அப்படிக் கேட்கிறார்கள். அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது, கோரிக்கையை நான் ஏற்கவில்லை. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி உரிமம் தரும் வழக்கம் நம் நாட்டில் இல்லாத ஒன்றல்ல. ஆயுதச் சட்டம், 1959-இன் பதின்மூன்றாம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காகக் குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வகை செய்கிறது. அது போதாது என்று உரிமம் வழங்கும் அலுவலர் கருதினால், இருபது அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான குழல் கொண்ட வேறு துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம். ஆனால் அந்த உரிமம் ஆயுதத்தை வைத்திருப்பதற்கானது. வன விலங்கைக் கொல்வதற்கான அனுமதி அதில் இல்லை. இரண்டும் இரு வேறு சட்டங்கள், இரண்டுக்கும் இரு வேறு துறைகள். கையில் முறையான உரிமம் உள்ள துப்பாக்கி இருந்தும், வனத்துறையின் எழுத்து மூல ஆணை இல்லாமல் தன் நிலத்தில் ஒரு புள்ளிமானைச் சுடுகிறவர் குற்றவாளியே. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்றால் இரண்டு சட்டங்களின் கீழும் வழக்கு வரும்.

சட்டத்தை விட்டுவிட்டு விலங்கின் பக்கம் நின்று பார்த்தாலும் நாட்டுத் துப்பாக்கி இதற்கு ஏற்ற கருவியல்ல. பால்ரஸ் எனப்படும் சிறு இரும்புக் குண்டுகளைக் கெட்டித்துச் சுடும்போது அவை பரவிப் பாய்கின்றன. இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில் கண் மின்னுவதைப் பார்த்துச் சுடப்படும் மான் உடனே விழுவது அரிது; வயிற்றிலும் தொடையிலும் குண்டு தாங்கிக் காட்டுக்குள் ஓடி, பல நாள் கிடந்து சாகும். அங்கே நாய்கள் அதைக் கண்டுபிடிக்கும். எங்கள் நிலம் சமவெளி. குண்டைத் தாங்க மேடோ குன்றோ இல்லை. இரவில் ஆட்டுக்கிடை போட்டிருப்பவர்கள், கிணற்று மோட்டாரைப் போட வருகிறவர்கள், பக்கத்து நிலத்தில் காவல் படுத்திருப்பவர்கள் என்று மனிதர்கள் எப்போதும் இருக்கும் வெளி அது.

அதே சமயம், எந்த வழியும் இல்லை என்று சொல்லி விவசாயியைத் திருப்பி அனுப்பும் இன்றைய நிலை மான்களையும் காப்பாற்றவில்லை, மனிதர்களையும் காப்பாற்றவில்லை. மனு கொடுத்துப் பதில் வராதவர் கடைசியில் செய்வது என்ன என்பது ஊரறிந்தது. இரவில் வரப்பு ஓரம் கட்டுக்கம்பி இழுத்து, மோட்டார் கொட்டகையிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகிறார். விடிவதற்குள் அதில் மான் விழுகிறது, மாடு விழுகிறது, சில நேரம் தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்து நிலத்துக்காரர் விழுகிறார். கம்பி கட்டியவரே அதை மறந்து மிதித்துச் செத்த செய்திகளும் வட மாவட்டங்களிலிருந்து தொடர்ந்து வருகின்றன. ஒரு குடும்பத்தில் ஒருவர் பிணமாகிறார், இன்னொரு குடும்பத்தில் ஒருவர் மரணம் விளைவித்த குற்றத்துக்காகச் சிறை செல்கிறார், இரண்டு குடும்பங்களும் ஒரே தெருவில் இருக்கின்றன. அவுட்டுக்காய் எனப்படும் நாட்டுவெடியையும் குருணைப் பூச்சிமருந்து கலந்த தவிட்டையும் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை. இவை எல்லாவற்றையும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். வனத்துறையும் மின்வாரியமும் இவற்றை ஒடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் முறையான வழி ஒன்று கண்ணுக்குத் தெரியும்படி திறந்திருந்தால்தான் முறையற்ற வழியை அடைக்கும் உரிமை அரசுக்கு முழுமையாக வரும்.

காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழக அரசு ஓரளவு நகர்ந்திருக்கிறது. 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட நடைமுறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட முடியாது; ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை அதைப் பிடித்துக் காட்டில் விட வேண்டும்; மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். கேரளம் 2022-இல் வேறு பாதையில் போயிற்று: ஊராட்சித் தலைவர்களுக்குக் கௌரவ வன உயிரினக் காப்பாளர் அதிகாரம் தந்து, உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போர் பட்டியலிலிருந்து ஆளை அழைத்துப் பன்றியைச் சுட ஆணையிட வழிசெய்தது. இந்த இரண்டிலும் மானுக்கு இடமில்லை. தமிழக நடைமுறையை அப்படியே மானுக்கு நீட்டினாலும் எங்களுக்குப் பயன் குறைவு, ஏனென்றால் பன்றி காட்டை விட்டு வெகுதூரம் வந்து ஓடைப் புதரிலும் சீமைக்கருவேலங்காட்டிலும் குடியிருக்கும். புள்ளிமான் அப்படியல்ல, இரவில் மேய்ந்துவிட்டு விடியும் வேளையில் காப்புக்காட்டுக்குள் திரும்பிவிடும். மானால் நேரும் இழப்பில் பெரும்பகுதி அந்த முதல் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே நடக்கிறது.

மத்திய அரசு 62-ஆம் பிரிவின் கீழ் ஒரு விலங்கைக் குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்துக்குத் தீங்குயிர் என்று அறிவிக்கலாம். 2015, 2016-ஆம் ஆண்டுகளில் பீகாரில் நீலமானும் காட்டுப்பன்றியும், உத்தராகண்டில் காட்டுப்பன்றியும், இமாசலப் பிரதேசத்தில் செம்முகக் குரங்கும் அப்படி அறிவிக்கப்பட்டன. புள்ளிமானை இப்படி அறிவிக்கக் கேட்கும் குரல் எங்கள் பக்கம் எழுந்தால் நான் அதற்கு எதிராகவே நிற்பேன். அப்படி அறிவித்துவிட்டால் அந்த உயிருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு அங்கே இல்லாமல் போகும். யார், எதைக் கொண்டு, எந்த நேரத்தில் கொன்றார் என்று கேட்க ஆள் இருக்காது. கறிக்காகக் கொல்பவனுக்கும் பயிருக்காகப் போராடுபவனுக்கும் வேறுபாடு தெரியாது. பதினொன்றாம் பிரிவின் ஆணையில் இடம், காலம், எண்ணிக்கை, ஆள், கருவி என எல்லாவற்றுக்கும் எல்லை வகுக்க முடியும் என்பதாலேயே அதை நான் விரும்புகிறேன்.

எல்லை எப்படி வகுப்பது என்பதற்கு வெளிநாட்டு அனுபவம் ஒன்றைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் முன்ட்ஜாக் என்னும் சிறுமான் இருக்கிறது. நம் மலைக்காடுகளில் உள்ள கேளையாட்டுக்கு நெருங்கிய உறவு. சீனத்தைச் சேர்ந்த இனம். வோபர்ன் என்ற ஊரில் ஒரு பிரபுவின் பண்ணைக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து வெளியேறி நாடெங்கும் பெருகிவிட்டது. அது அங்கே வந்தேறி உயிர். இளமரக் கன்றுகளையும் காட்டுத் தரைப்பூக்களையும் அழிக்கிறது என்பதால் அதைச் சுடுவதற்கு மூடுபருவம் என்று எதுவும் இல்லை, ஆண்டு முழுதும் சுடலாம். அப்படிப்பட்ட விலங்குக்கே அவர்கள் வைத்திருக்கும் விதிகள் கவனிக்கத்தக்கவை. 1991-ஆம் ஆண்டு மான் சட்டத்தின்படி, கதிரவன் மறைந்து ஒரு மணி நேரம் கழிந்தபின் தொடங்கி, உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வரை தனி உரிமம் இல்லாமல் எந்த மானையும் சுடக் கூடாது. நிலத்துக்கு உரியவரின் இசைவு வேண்டும். துப்பாக்கிக்குக் காவல்துறையின் சான்று வேண்டும். பொதுவாக மான்களைச் சுட 0.240 அங்குலத்துக்குக் குறையாத குழல் விட்டமும், குண்டு வெளியேறும்போது 1,700 அடி-பவுண்டு ஆற்றலும் உள்ள ரைபிள் தேவை. முன்ட்ஜாக் போன்ற சிறுமானுக்கு மட்டும் 2007-இல் இது 0.220 அங்குலம், 1,000 அடி-பவுண்டு என்று தளர்த்தப்பட்டது. ஒரே குண்டில் விலங்கு உயிரிழக்க வேண்டும், காயத்தோடு தப்பிவிடக் கூடாது என்பதே இந்த எண்களுக்குப் பின்னால் உள்ள காரணம். உயரமான பரண் அமைத்து அதிலிருந்து கீழ்நோக்கிச் சுடுவதும் அங்கே பரவலான வழக்கம். தவறிய குண்டு மண்ணில் புதைந்துவிடும். காவலுக்குப் பரண் கட்டுவது நமக்கும் புதிதல்ல.

நம் புள்ளிமானே வெளிநாட்டில் தொல்லையான கதையும் உண்டு. 1868-இல் ஹவாய்த் தீவுகளின் அரசருக்குப் பரிசாக மொலோகாய் தீவுக்கு அனுப்பப்பட்ட புள்ளிமான்கள், அங்கே இயற்கை எதிரி எதுவும் இல்லாததால் பெருகின. பிறகு மாவி தீவுக்கும் கொண்டுபோகப்பட்டன. இன்று அங்கே மேய்ச்சல் நிலங்களும் பண்ணைகளும் அவற்றால் பாதிக்கப்படுகின்றன. அரசு ஆய்வாளரின் மேற்பார்வையில் சுடப்பட்டு இறைச்சியாகவும் விற்கப்படுகின்றன. இதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. புள்ளிமான் இந்த மண்ணின் உயிர். நம் சட்டப்படி வேட்டையாடப்பட்ட வன விலங்கின் உடல் அரசின் சொத்து; அதன் இறைச்சியை யாரும் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. கறிக்கு விலை கிடைக்கும் என்றால் மறுநாளே அந்த அனுமதி வேட்டைக்காரர்கள் கைக்குப் போய்விடும். எனவே அங்கிருந்து நாம் பெற வேண்டியது துப்பாக்கியை எப்போது, எங்கே, எதைக் கொண்டு என்ற கட்டுப்பாட்டுக்குள் வைக்கும் முறையை மட்டும்தான்.

இன்னொரு கடினமான உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சுடுவதால் மான்களின் எண்ணிக்கை குறைந்துவிடும் என்று யாரும் எளிதாக நம்பிவிடக் கூடாது. கொம்புள்ள கலையை, அதாவது ஆண்மானைச் சுட்டால் கூட்டத்தின் பெருக்கம் குறையாது. மிஞ்சிய ஒரு கலையே போதும். எண்ணிக்கை உண்மையிலேயே குறைய வேண்டும் என்றால் பிணைகளை, அதாவது பெண்மான்களைச் சுட வேண்டும். புள்ளிமானுக்கு இனப்பெருக்கப் பருவம் என்று ஒன்று கறாராக இல்லை. ஆண்டின் எந்த மாதத்திலும் குட்டியோடு பிணை இருக்கும். குட்டி சின்னதாக இருக்கும்போது அதைப் புதரில் படுக்கவைத்துவிட்டுத் தாய் மேயப் போகும். தாயைச் சுட்டால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு குட்டி பட்டினியால் சாகும். இங்கிலாந்திலும் முன்ட்ஜாக்குக்கு இதே சிக்கல் உண்டு. அதுவும் ஆண்டு முழுதும் ஈனும் என்பதால், பெண்மானைச் சுட நேர்ந்தால் நிறைசினையாக இருப்பதையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள், முந்தைய குட்டி அதற்குள் தாயை விட்டுப் பிரிந்திருக்கும் என்பதால். கேட்கவே மனம் கூசும் அறிவுரை அது. ஆனால் பொறுப்போடு சொல்லப்பட்டது. எங்கள் பகுதியில் அப்படி எண்ணிக்கைக் குறைப்புக்காகச் சுட வேண்டிய நிலை வந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். முறையான கணக்கெடுப்பு நடந்து, அதன் முடிவு ஊராருக்கு அறிவிக்கப்படாமல் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. நான் கேட்பது, மற்ற எல்லாம் செய்தபின்னும் ஒரே நிலத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் கூட்டத்தைப் பற்றி முடிவெடுக்க ஓர் அலுவலருக்கு அதிகாரமும் கடமையும் இருக்க வேண்டும் என்பதே.

மற்ற எல்லாம் என்று நான் சொல்வதில் முதலாவது காடு. புள்ளிமான் அடிப்படையில் புல் மேயும் விலங்கு. வேப்பூர், விருத்தாசலம் பக்கம் காடு என்ற பெயரில் இருப்பதில் பெரும்பகுதி முட்புதரும் தைல மரத் தோப்பும் முந்திரித் தோப்பும்தான். தைல மரத்தடியில் மேய்ச்சலுக்குப் புல் அரிது; சீமைக்கருவேலம் படர்ந்த இடத்திலும் அதே கதை. மழை நின்று புல் காய்ந்ததும் காட்டுக்குள் இருப்பதைவிடச் சுவையான தீவனம் எங்கள் வரப்புக்குள் இருக்கிறது. காட்டின் உட்பகுதியில் புல்வெளிக்கு இடம் ஒதுக்குவதும், கோடையில் தண்ணீர்த் தொட்டிகளை எல்லையில் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்து நிரப்புவதும் வனத்துறை செய்யக்கூடியவை. தொட்டி சாலையோரமாக இருந்தால் டேங்கர் போக வசதி என்பது உண்மைதான். ஆனால் அது மானை ஊருக்கும் நாய்க்கும் நெடுஞ்சாலைக்கும் அருகே கொண்டுவந்து நிறுத்துகிறது.

இரண்டாவது வேலி. பழைய புடவைகளை வரிசையாகக் கட்டுவது, தகரம் தட்டுவது, பட்டாசு வெடிப்பது எல்லாம் சில நாளைக்குப் பலிக்கும்; பிறகு மான் பழகிவிடும். வலை வேலியே நிலையான வழி. புள்ளிமான் வேலியைத் தாண்டுவதைவிட அடியில் நுழைவதையே பெரிதும் நாடும் என்பதால், வலையின் அடிப்பகுதி மண்ணோடு இறுக்கிக் கட்டப்பட வேண்டும். அடியில் ஒரு சாண் இடைவெளி இருந்தால் மேலே எவ்வளவு உயரம் இருந்தும் பயனில்லை. சூரிய மின்வேலி விட்டுவிட்டுத் துடிப்பாக மின்சாரம் தருவதால் உயிரைப் பறிக்காது. காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் அதற்கும் பதிவும் அனுமதியும் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மின்வேலி விதிகள் கூறுகின்றன. விதி நல்லதே. ஆனால் நாலைந்து பேர் சேர்ந்து தொடர்ச்சியாக வேலி போட்டால்தான் பயன் உண்டு. தனித்தனியாகப் போட்டால் என் நிலத்து மான் பக்கத்து நிலத்துக்குப் போகும், அவ்வளவே. மானியம் தனிநபர் கணக்கில் இல்லாமல் காப்புக்காட்டின் எல்லைக்கோட்டுக் கணக்கில் வழங்கப்பட வேண்டும்.

பிடித்து வேறு காட்டில் விடலாமே என்று நகரத்து நண்பர்கள் கேட்கிறார்கள். மான் மிக அச்சமுள்ள உயிர். வலை வீசிப் பிடித்தால், பிடிபட்ட அதிர்ச்சியிலும் உதறலிலும் அதன் தசைகள் சிதைந்து, உடலில் ஒரு காயமும் இல்லாமலேயே சில நாளில் இறந்துவிடும். மத்தியப் பிரதேசத்தில் போமா எனப்படும் முறையைப் பின்பற்றுகிறார்கள்: புனல் வடிவில் நீண்ட திரைவேலி அமைத்து, தீவனம் வைத்துப் பழக்கி, கூட்டத்தைக் கை படாமல் மெதுவாக வண்டிக்குள் செலுத்திப் புலிக்காடுகளுக்குக் கொண்டு செல்கிறார்கள். இரை விலங்கு தேவைப்படும் காடு தமிழகத்திலும் இருக்கும். வேப்பூர்க் காட்டில் இதைச் செய்ய முடியுமா என்று வல்லுநர்களைக் கொண்டு ஆராய்வது வனத்துறைக்குக் கடினமானதாக இருக்காது. துப்பாக்கிக்கு முன் இதுவே எனக்கு விருப்பமான வழி.

இழப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டா, அடங்கல், நிழற்படம், கிராம நிர்வாக அலுவலர் சான்று என்று எல்லாம் கொடுத்தாலும் தொகை வருவதற்குள் அடுத்த விதைப்புப் பட்டம் வந்துவிடுகிறது. குத்தகைக்கும், விளைச்சலில் பங்கு தரும் வாரமுறையிலும் பயிர் செய்வோர் பெயரில் பட்டா இல்லாததால் அவர்களுக்கு அதுவும் இல்லை. 2026 காரிப் (மழைக்கால விதைப்பு) பருவம் முதல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வன விலங்குகளால் ஏற்படும் சேதமும் சேர்க்கப்படும் என்றும், 72 மணி நேரத்துக்குள் செயலி வழியே புகைப்படத்துடன் தெரிவிக்க வேண்டும் என்றும், எந்த விலங்கு, எந்தப் பகுதி என்பதை மாநிலங்கள் அறிவிக்க வேண்டும் என்றும் மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. தமிழகத்தின் பட்டியலில் புள்ளிமானும், பகுதிகளில் வேப்பூர், திட்டக்குடி, விருத்தாசலம் வட்டங்களும் விடுபடாமல் இருக்க வேண்டும்.

கடைசியாக, மாவட்ட நிர்வாகத்தையும் வனத்துறையையும் நான் கேட்டுக்கொள்வது இது. பதினொன்றாம் பிரிவின் 'பி' பகுதிக்கான அதிகாரத்தை மாவட்ட வன அலுவலருக்கு எழுத்து மூலம் வழங்குங்கள். விவசாயி யாரிடம், எந்தப் படிவத்தில் மனுச் செய்ய வேண்டும், வனவரும் வேளாண்மை அலுவலரும் எத்தனை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், மறுத்தால் காரணம் எப்போது எழுத்தில் தரப்படும் என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிடுங்கள். வேலியும் விரட்டலும் பலிக்கவில்லை என்று ஆய்வில் தெரிந்த இடத்தில், இடமாற்றமும் இயலாது என்று பதிவான பிறகு மட்டும், பயிற்சி பெற்ற வனப்பணியாளர் ரைபிள் கொண்டு, பகல் வெளிச்சத்தில், பரண் மீதிருந்து, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேற்படாமல் சுட ஆணையிடுங்கள். விழுந்த விலங்கைக் கால்நடை மருத்துவர் முன்னிலையில் உடற்கூறாய்வு செய்து புதைத்து, அந்த விவரத்தை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஆணை ஒன்றுகூடப் பிறப்பிக்கத் தேவையில்லாமல் ஒரு பருவம் கழிந்தால் என்னைவிட மகிழ்ச்சி அடைபவர் இருக்கமாட்டார். அந்த ஒரு பக்க அறிவிப்பு மட்டும் வரும் புரட்டாசி விதைப்புக்கு முன் வேப்பூர் வட்டாட்சியர் அலுவலகத்திலும், நல்லூர், மங்களூர் வேளாண்மை விரிவாக்க மையங்களிலும், காப்புக்காட்டை ஒட்டிய ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மானாவாரி விவசாயி ஒருவர்,
வேப்பூர் வட்டம், கடலூர் மாவட்டம்.